அக்கா உட்காரும் ஸ்டூல்

என் அக்காவின் கணவர் தன் மனைவியின் முதுகைக் காட்டித் தொழில் செய்தார். எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. ஆனால் வேறு எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும். செங்கல் தண்ணீர்த் தொட்டிகளில் ஒழுக்கு அடைப்பது அவர் வேலை. அடைத்து முடித்ததும் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவார். எந்தப் பக்கம் அதிகமாக ஒழுகியதோ அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு மர ஸ்டூலைப் போடுவார். அக்கா அதில் சுவரோடு முதுகு ஒட்ட உட்கார வேண்டும், காலையிலிருந்து சாயங்காலம் வரை. சாயங்காலம் தொட்டிக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, அக்காவை எழுப்பித் திருப்பி நிறுத்துவார். ரவிக்கையின் முதுகுப்பக்கம் காய்ந்திருந்தால் வேலை சுத்தம். "என் பொண்டாட்டி முதுகுதாங்க கேரண்டி" என்பார். அப்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும், என்னவோ தங்கப்பதக்கம் வாங்கியவர் மாதிரி.

இதை நான் முதலில் பார்த்த நாளில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வேலை செய்யும் வீட்டுக்குச் சாயங்காலப் பலகாரம் எடுத்துக்கொண்டு போனேன். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், முன்பின் தெரியாத நாலைந்து பேர் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் என் அக்கா சந்தையில் மாடு நிற்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த வீட்டுப் பெண்மணி கையை வைத்துத் தடவிப் பார்த்து, ஆமாம் காய்ந்துதான் இருக்கிறது என்று தலையாட்டுகிறாள். பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு மாமாவைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைக் கொட்டிக் கொட்டி என்னைப் பார்த்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. நான் எதைப் பற்றிக் கத்துகிறேன் என்பதே புரியவில்லை.

அக்காவிடம் கேட்டால் அவள் சிரித்தாள். மற்ற நாளெல்லாம் மணல் சலிக்கவும் சாக்கு நனைக்கவும் குனிந்த இடுப்பு நிமிராது, கால் நீட்டி உட்காரக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான், அதையும் வந்து கெடுக்காதே என்றாள். வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு வாயை மூடத் தெரியும் என்பதே எங்கள் வீட்டில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

மாமாவை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை பேசும்போதெல்லாம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. ஒல்லி உடம்பு, நீளமான கைகள். தொட்டியின் வாய் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் பாம்பு போல உள்ளே போய்விடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார், கூரையைப் பார்ப்பார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது பெரியவர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து குடும்பம், படிப்பு என்று பேசிக்கொண்டிருக்க, இவரைக் காணவில்லை. தேடிப் போனால் மொட்டைமாடித் தொட்டியில் காதை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். இறங்கி வந்து, தொட்டி நன்றாக இருக்கிறது, தாராளமாகப் பெண் கொடுக்கலாம் என்றார். அந்த இடமே முடிந்தது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தத் தொட்டிக்கு நன்றி சொல்வார், கிண்டலாகத்தான்.

வேலையில் மாமாவைக் குறை சொல்ல முடியாது. முதலில் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து விடுவார். வெளிச்சுவரில் எங்கே நீலம் கசிகிறதோ அங்கே அக்கா கரிக்கட்டியால் குறி போடுவாள். பிறகு தொட்டியைக் காலி செய்து, பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, மாமா உள்ளே இறங்குவார். தொட்டிக்குள்ளிருந்து பேசினால் வெளியே ஒன்றும் விளங்காது, எல்லாம் ஒரே முழக்கமாகக் கேட்கும். அதனால் அவர் உள்ளேயிருந்து சுத்தியல் பிடியால் தட்டுவார். குறிக்கு நேராகத் தட்டினால் அக்கா வெளியே ஒரு தட்டு தட்டுவாள். கீழே போக வேண்டுமென்றால் இரண்டு தட்டு. இப்படியே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொள்வார்கள். வீட்டில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

விரிசலை உளியால் அகலமாக வெட்டி, கழுவி, கெட்டிக் கலவையை அழுத்தி நிரப்புவார். சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கண்ணாடிப் பாட்டிலை வைத்து உருட்டி உருட்டி வளைவாக்குவார், மூலை கூராக இருந்தால் அங்கேதான் முதலில் பிளக்குமாம். இரண்டு பூச்சு, அதன்மேல் நீர்க்கக் கரைத்த சிமென்ட் பால். பிறகு நனைத்த சாக்கைச் சுற்றிலும் போட்டு, அது காயாமல் அக்கா தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து அக்காவின் முதுகும் தேர்ந்துவிட்டது. சுவரில் ஈரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். "என்னங்க, சில்லுங்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார். அவள் காட்டிய இடத்தில் கொஞ்ச நேரத்தில் காசளவு ஈரம் பூக்கும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அவள் சொன்னால்கூட நம்பாமல் ருசி பார்ப்பவர், சில்லென்கிறது என்றால் மறுபேச்சு பேச மாட்டார்.

நான் வேலை செய்வது ஒரு சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரியிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். நான் இஸ்திரிப் பிரிவு. எங்கள் அறை வாசலுக்கு எதிரே முற்றத்தில் ஒரு பெரிய செங்கல் தொட்டி, ஒரு சின்ன அறை அளவுக்கு அகலம், எட்டிப் பார்க்க ஏணி வேண்டும். அது ரொம்ப காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலைப் பார்த்த சுவரில், ஸ்டூலில் உட்காரும் ஆளின் முதுகு உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கோடாக ஒழுகும். எங்களுக்கு அது பழகிவிட்டது. மோட்டார் ஓடும்போது கோடு ஒழுக ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் யாராவது "கோடு வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பார்கள், பாய்லர்காரர் மோட்டாரை நிறுத்துவார். தொட்டி நிறைந்தது என்று எங்களுக்குச் சொல்வதே அந்த ஒழுக்குதான்.

இந்த ஏற்பாடு அப்படியே ஓடியிருக்கும். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கட்டடம் கட்டினார்கள், விரிப்புகள் இரண்டு மடங்காயின. மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்து மெஷின்கள் நின்றன. அதே நேரத்தில் துணி மடிக்கும் பெண் ஒருத்தி தொட்டி ஓரத்துப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு, தொட்டி பார்க்கிற ஆள் யாரையாவது தெரியுமா என்று எல்லோரிடமும் கேட்டார். எங்கள் மாமா இருக்கிறார் என்றேன்.

வந்து பார்த்த அன்று மாமாவுக்கு ஒரே குஷி. சலவைக்கூடத்தில் நீலத்துக்கா பஞ்சம்? கை நிறைய அள்ளிப் போட்டார். கோடு முழுக்க நீலம் இறங்கியது, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு ஒழுங்காக ஒழுகுகிற தொட்டியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, மற்றதெல்லாம் கண்ட இடத்தில் கசிந்து உயிரை வாங்கும், இது நல்ல குடும்பத்துத் தொட்டி என்றார். தண்ணீரை இறக்கிவிட்டு உள்ளே போனவர் என்னையும் ஏணியில் ஏறி எட்டிப் பார்க்கச் சொன்னார். கோட்டுக்குக் கீழே பாசியும் உப்புமாகக் கறுத்துக் கிடந்தது. கோட்டுக்கு மேலே பூச்சு வெளுப்பாக, நேற்றுப் பூசியது போல இருந்தது. "பாத்தியா கொழுந்தியா, மேல் பாதியில தண்ணியே நின்னதில்ல. இவ்ளோ பெரிய தொட்டிய அரை வயித்தோட வச்சிருக்காங்க" என்றார். அந்தத் தொட்டிக்காக அவர் நிஜமாகவே பரிதாபப்பட்டார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

வேலை நடந்த நாட்களில் இஸ்திரி போட்டுக்கொண்டே நான் அந்தத் தட்டல்களைக் கேட்டேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கோடு நெடுக உளியால் வெட்டி நிரப்பினார். இரண்டு பூச்சுப் பூசினார். சிமென்ட் பால் வழித்து முடித்ததும் உள்சுவர் பீங்கான் தட்டு மாதிரி பளபளத்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, இதில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கிறதே என்றார். மாமா வெட்கப்பட்டார்.

சோதனை நாள் வந்தது. அக்கா நல்லதாக ஒரு வெளிர்மஞ்சள் ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள், ஈரம் பட்டால் பளிச்சென்று தெரிய வேண்டுமே. கிழிந்த தலையணை உறைகள் ஒரு குவியல் கொடுத்தேன், தைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம் என்று. ஸ்டூலைக் கோட்டுக்கு நேராகப் போட்டு, முதுகைச் சுவரில் ஒட்டி, எங்கள் அறை வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். மாமா பக்கத்துச் சுவரில் ஏணியைச் சாத்தி மேலே ஏறி, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இருந்த இடத்திலிருந்து அக்கா தெரிய மாட்டாள், குரல்தான் கேட்கும். மோட்டாரைப் போட்டார்கள்.

தண்ணீர் பழைய கோட்டைத் தாண்டியபோது மாமா மேலேயிருந்து சொன்னார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். சுவரில் பொட்டு ஈரம் இல்லை. யாரோ கை தட்டினார்கள். முதலாளி ஏணிக்குக் கீழே நின்று, இன்னும் ஏறட்டும், விளிம்பு வரைக்கும் ஏறட்டும் என்றார். கையொடிந்த பெண்கூடக் கட்டோடு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு ஒவ்வொருவராக அவரவர் வேலைக்குப் போனோம். நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன், வாசல் வழியாக அக்காவைப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். அவளும் நானும் எங்கள் சின்ன அத்தையின் புது மருமகளைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

பேச்சின் நடுவில் அக்கா நிறுத்தினாள். ஊசி அப்படியே கையில் நின்றது. தோளை ஒரு தரம் குலுக்கிப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மறுபடி பின்னால் ஒட்டி உட்கார்ந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயம் என்று சொல்ல முடியாது. பேருந்தில் பின்னால் நிற்கிறவன் இடித்தால் ஒரு பெண் முகம் மாறுமே, அப்படி.

"என்னங்க, சுவர் தள்ளுது" என்றாள்.

மேலேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஈரமா?"

"ஈரம் இல்ல. தள்ளுது. முதுகத் தள்ளுது."

"ஈரம் இல்லேல்ல? அப்ப பேசாம உக்காரு. பேச்சு சுவாரசியத்துல நீதான் சாயுற."

முதலாளி சிரித்தார். உள்ளே மடித்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த தலையணை உறையை ஸ்டூலில் வைத்தாள். எழுந்தாள். முற்றத்தைக் கடந்து என்னிடம் வந்து வாசற்படியில் நின்றாள். என்னக்கா என்றேன். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

பெரிய சத்தம் எதுவும் முதலில் வரவில்லை. புதுத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். கோட்டுக்கு மேலே இருந்த சுவர் முழுசாக, ஒரு செங்கல்கூட உதிராமல், கோட்டின் மேலேயே வெளியே நகர்ந்தது. சுவர் நகருமா? நான் பார்த்தேன். நகர்ந்து, ஒரு நொடி நின்று, அப்புறம் அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் கவிழ்ந்தது. அதன் பின்னால் தண்ணீர் வந்தது. தண்ணீர் எங்கள் முட்டிக்கு மேல் அடித்து, என்னையும் அக்காவையும் கதவோடு சேர்த்து நெருக்கி, உள்ளே போய் மடித்து வைத்த விரிப்புகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போனது. இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டவள் மடிக்கும் பெண்களில் ஒருத்தி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தண்ணீர் வடிந்ததும் முற்றத்தில் செங்கல் குவியல் தெரிந்தது. ஸ்டூல் தெரியவில்லை.

ஏணி சாத்தியிருந்த சுவர் விழவில்லை, அதனால் மாமாவுக்கும் முதலாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா ஏணியிலிருந்து எப்படி இறங்கினார் என்று தெரியாது, விழுந்தாரா குதித்தாரா, கண்ணிமைக்கும் நேரத்தில் குவியல் மேல் இருந்தார். மண்டியிட்டுச் செங்கற்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் எறிந்தார். அவர் வாயிலிருந்து வந்ததை வார்த்தை என்று சொல்ல முடியாது. நடுநடுவே அக்காவின் பெயர் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஏய் என்றும் இந்தா என்றும் மட்டுமே கூப்பிட்டவர். அவருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமா, அக்கா இங்கே இருக்கிறாள் என்று கத்த நான் வாயைத் திறந்தேன். அக்கா என் வாயைப் பொத்தினாள்.

இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. சுவர் விழுந்தது ஒரு அதிர்ச்சி என்றால், என் வாய்மேல் இருந்த அந்தக் கை அதைவிடப் பெரிய அதிர்ச்சி. பதறிப்போய்ப் பொத்தியதில்லை. அழுத்தமாக, நிதானமாக, விரல்கள் கன்னத்தில் பதியும்படி பொத்தியிருந்தாள். நான் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தேன். அவள் கண் கொட்டாமல் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் பாய்லர்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் பேயறைந்தவர் போல நின்றார். மற்ற பெண்கள் எங்களுக்குப் பின்னால், உள்ளே மிதந்த விரிப்புகளுக்கு நடுவே தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

மாமா தோண்டினார். ஒட்டிக்கொண்டிருந்த கலவையை நகத்தால் பிய்த்தார். மூன்று நான்கு செங்கல் சேர்ந்தாற்போல் ஒரு துண்டு, இரண்டு ஆள் தூக்க வேண்டியது, அதைத் தனியாகப் புரட்டினார். விரல்களில் ரத்தம் வழிந்தது. முதலாளி ஓடிவந்து கூடச் சேர்ந்தார். நசுங்கிய ஸ்டூலின் கால் ஒன்று வெளியே வந்தது. அதோடு தலையணை உறையின் ஒரு மூலை. துணியைப் பார்த்ததும் மாமா நின்றுவிட்டார். அதை இழுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு குனிந்தார்.

அப்போதுதான் அக்கா என் வாயிலிருந்து கையை எடுத்தாள். தண்ணீரில் நடந்து போய் அவருக்குப் பின்னால் நின்றாள்.

"நான் இங்க இருக்கேன்" என்றாள்.

மாமா திரும்பினார். அவளைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி என்று இரண்டு பேர் இருப்பது போல மாறி மாறிப் பார்த்தார். எழுந்திருக்க முயன்று முடியாமல் அந்தச் சேற்றுத் தண்ணீரிலேயே உட்கார்ந்தார்.

"நீ எப்ப எழுந்த?" என்றார்.

"நீங்க உக்காருன்னு சொன்னப்பவே."

அவர் அழ ஆரம்பித்தார், அடிபட்ட குழந்தை மாதிரி, யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல். எங்கள் முதலாளியும் அழுதார். அவர் எதற்கு அழுதார் என்று தெரியவில்லை.

எல்லோரும் கொஞ்சம் தெளிந்த பிறகு பாய்லர்காரர் மெதுவாக ஒரு சங்கதி சொன்னார். தொட்டி முதலில் அந்தக் கோடு வரைக்கும்தான் இருந்ததாம். பழைய முதலாளி காலத்தில், புது மெஷின் வந்த புதிதில், உயரம் போதவில்லை என்று மேலே இன்னொரு பாதிக்கு வரிசையாகச் செங்கலை வைத்து உயர்த்தினார்களாம். பழைய சுவரில் கொத்திப் பிணைக்காமல் அப்படியே மேலே அடுக்கிப் பூசியிருக்கிறார்கள். நிரப்பிய முதல் வாரமே சேர்ந்த இடத்தில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை. நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாக, ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் விழித்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். முதலாளிக்கும் தெரிந்திருந்தது. தொட்டி பார்க்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டாராம்.

மாமா யாரையும் குறை சொல்லவில்லை. கோடு போட்ட மாதிரி ஒழுகியதைப் பார்த்ததுமே தனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்றார். இத்தனை காலம் அந்தச் சுவரைக் காப்பாற்றி வைத்திருந்ததே அந்த ஒழுக்குதான், அதை அடைத்துச் சுவரைக் கொன்றது தான்தான் என்றார். உண்மை அதுதான். ஒழுக்கைக் கண்டால் அடைக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்த கை அவருடையது. அவர் பூசிய பூச்சு கடைசிவரை ஒரு இடத்திலும் கசியவில்லை, விழுந்த துண்டுகளில்கூட உரியாமல் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

சாயங்காலம் அவர்களை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாமாவால் ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை, நான்கைந்து நகங்கள் போயிருந்தன. அக்கா வெந்நீரில் உப்புப் போட்டு அவர் கைகளைக் கழுவினாள், துணி கட்டினாள், கரண்டியால் ஊட்டினாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் அவள் திற என்றால் திறந்தார். அப்படியே சுவரோரம் படுத்துத் தூங்கிவிட்டார். தூக்கத்திலும் கட்டுப்போட்ட கைகள் எதையோ நகர்த்திக்கொண்டிருந்தன.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போது நான் கேட்டேன். பகல் முழுக்க அடக்கி வைத்திருந்தது, இனி முடியாது. உயிரோடு பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதனை அப்படித் தோண்டவிட்டாயே, என் வாயை வேறு பொத்தினாயே, உனக்கு மனசு இருக்கிறதா என்று கேட்டேன். பயத்தில் தன்னை அறியாமல் செய்துவிட்டதாக அவள் சொல்வாள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், நிம்மதியாகப் போயிருக்கும்.

அக்கா தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"கட்டிக்கிட்டு இத்தன வருஷத்துல எனக்காக அவர் எதையும் தேடி நான் பாத்ததில்லடி" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கலாம்னு தோணிச்சு."